பெட்டி வண்டியும் கருவாட்டு வாடையும்

லாரி புக்கிங் ஆபீஸ் வேலை கல்யாணத் தரகு மாதிரி; லாரி நிற்கிற நாளில் லோடு இருக்காது, லோடு கிடக்கிற நாளில் லாரி இருக்காது, இரண்டும் இருந்துவிட்டால் ஒன்றை ஒன்றுக்குப் பிடிக்காது. தரகருக்காவது பந்தியில் ஒரு இலை போடுவார்கள். எங்களுக்கு இரண்டு வீட்டுத் திட்டும் வந்து சேரும், அவ்வளவுதான்.

ராமநாதபுரத்தில் ஒரு லாரி ஆபீஸில் நான் ரைட்டராகச் சேர்ந்தது நாடு சுதந்திரம் அடைந்து சில வருஷம் கழித்து. சொந்த ஊர் அபிராமம். ஏர் பிடிக்க அண்ணன்மார் இருந்தார்கள், எனக்குக் கையெழுத்து நன்றாக இருந்தது, அதனால் பஸ் ஏற்றிவிட்டார்கள். ஆபீஸ் என்றால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு டெலிபோன், சுவரில் ஒரு கரும்பலகை. வந்து நிற்கும் வண்டிகளின் டிரைவர் பெயரைப் பலகையில் வரிசையாக எழுதிப் போடுவேன். லோடு வந்தால் முதல் பெயருக்கு. அந்த லோடு வேண்டாம் என்று டிரைவர் சொன்னாலும் சரி, அந்த வண்டி வேண்டாம் என்று வியாபாரி சொன்னாலும் சரி, பெயர் கடைசிக்குப் போய்விடும். இந்தச் சட்டத்தை யார் எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதற்காக விழுந்த அடிதடியை விலக்கிவிட்டது பூராவும் நான்தான். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டு முழித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மேலே படியுங்கள்.

ஓரமா ஒதுங்கி

சேர்ந்த புதிதில் மதுரையிலிருந்து ஒரு வியாபாரி டிரங்க் கால் போட்டார். ராமேஸ்வரத்தில் சங்கு மூட்டை கிடக்கிறது, கோயில் வாசலுக்கே லாரியை அனுப்பி எடுத்து வரவேண்டும் என்றார். லைனில் கடல் இரைகிற மாதிரி ஒரே இரைச்சல். மண்டபத்தோடு ரோடு முடிந்துவிடுகிறது, அதற்கு அங்கிட்டுத் தண்ணீர், தண்ணீருக்கு மேலே இருப்பது ரயில் பாலம் மட்டும்தான், சரக்கை ரயிலில் மண்டபத்துக்குக் கொண்டுவந்தால் நாங்கள் ஏற்றிக்கொள்கிறோம் என்று தொண்டை கிழியக் கத்தினேன். கொட்டகைக்கு வெளியே நின்ற டிரைவர்கள் எல்லாரும் உள்ளே எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, பச்சைப் பிள்ளைக்குப் புத்தி சொல்கிற குரலில் சொன்னார்: "அம்புட்டுப் பெரிய ரயிலே போகுதுங்கிற, லாரி அதவிடச் சின்னதுதானப்பா? ஓரமா ஒதுங்கிப் போகச் சொல்லு."

கூரை போட்ட வண்டி

எங்கள் பலகையில் எப்போதும் கடைசியில் கிடந்த பெயர் செய்யது. எனக்கு அவர் மாமா, அவருக்கு நான் மாப்ளே. எங்கள் பக்கத்தில் துலுக்க வீட்டாரும் நாங்களும் அப்படித்தான் முறை வைத்துக் கூப்பிட்டுக்கொள்வோம். யுத்தத்தில் மிலிட்டரி லாரி ஓட்டிவிட்டு வந்தவர். பழைய மிலிட்டரி வண்டி ஒன்றை வாங்கி, நாலு பக்கமும் பலகை அடைத்து, மேலே தகரம் போட்டு, பின்னால் இரட்டைக் கதவும் பூட்டும் வைத்து, ஒரு பெட்டி மாதிரி கட்டியிருந்தார். அந்தப் பலகையும் தகரமும் வீடு கட்டுவதற்காக வாங்கி வைத்திருந்தவை. ஆகவே வீட்டுக்கு ஓலை, வண்டிக்குத் தகரம். ஆயிஷா மாமி இதைச் சொல்லிக் காட்டாத நாளில்லை.

பெட்டி வண்டியில் வேலை சுத்தம். மழை ஒரு பொட்டுக்கூட உள்ளே போகாது. ஆனால் மழை பெய்தால்தானே அந்த அருமை தெரியும்? வருஷத்தில் பாதி நாள் எங்கள் ஊரில் வெயிலைத் தவிர வேறொன்றும் பெய்யாது. திறந்த லாரியில் ஆள் உயரத்துக்கு மேலே அடுக்கிக் கயிறு போட்டு இறுக்கலாம், பெட்டியில் கூரைக்கு மேலே ஏற்ற முடியாது என்று வியாபாரிகள் ஒதுக்குவார்கள். ஒவ்வொரு ஒதுக்கலுக்கும் செய்யது மாமா பெயரை நான் அழித்துக் கீழே எழுதவேண்டும். சாக்பீஸ் பிடித்த கை கூசும். வீரையா என்று ஒரு டிரைவர், ஒவ்வொரு முறையும் பெட்டிக் கதவைத் தட்டி, "உள்ள யாரும் குடியிருக்காகளா?" என்று கேட்டுவிட்டுப் போவான்.

கடைசியில் மாமி கெடு வைத்துவிட்டாள். தை பிறந்ததும் பெட்டியைப் பிரித்துத் தகரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். மாமாவும் தலையாட்டிவிட்டார், ஆசாரியிடமும் சொல்லி வைத்தாயிற்று. அந்தப் பெட்டியை அவர் காலையில் துடைக்கிற துடைப்பைப் பார்த்தவனுக்குத்தான் அந்தத் தலையாட்டலின் வலி தெரியும். எப்படியாவது ஒரு நிரந்தர லோடு பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று, எங்கள் அபிராமத்து மிளகாய் மண்டிக்காரர் ராமசாமியிடம் சொந்த ஊர் உரிமையில் கெஞ்சிப் பார்த்தேன். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து சொன்னார்: "இதுக்கு எதுக்குலே கூரை? நான் ஏத்தப்போறது மிளகாயத்தான, மாப்பிள்ளையவா?"

தங்கச்சிமடத்து அக்கா

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலை ரயிலில் தங்கச்சிமடத்திலிருந்து மரியம்மாள் வந்து இறங்கினாள். கருவாட்டு வியாபாரம் செய்கிறவள். கழுத்தில் சிலுவை, இடுப்பில் சுருக்குப்பை, குரல் மட்டும் பாய்மரம் கட்டுகிற ஆளுடையது. முந்தின வாரம் அவள் சரக்கைத் தார்ப்பாய் போட்ட லாரியில் மதுரைக்கு அனுப்பியிருந்தோம். வழியில் மழை, தார்ப்பாயில் ஓட்டை. கருவாடு நனைந்தால் என்ன ஆகும் என்று கடற்கரைக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. போய்ச் சேர்ந்தது பூராவும் புழு. அவள் ஒருத்தி சரக்கில்லை அது. அவள் தெருவில் ஏழெட்டுப் பொம்பளைகள் காயவைத்துக் கொடுத்தது.

கத்தப் போகிறாள் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. மூலையில் நின்ற பெட்டி வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறக்கச் சொன்னாள். உள்ளே ஏறிக் கதவைச் சாத்தச் சொன்னாள். வெளியே மழை கொட்டுகிறது. நாங்கள் நனைந்துகொண்டு நிற்கிறோம். அவள் உள்ளே இருந்தபடி, "எங்கயும் வெளிச்சம் வரலை, எங்கயும் ஒழுகலை," என்று கத்துகிறாள்.

செய்யது மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மாப்ளே, கருவாடு ஏத்துனா அப்பறம் ஒரு பய இதுல சரக்கு வைக்க மாட்டான். திறந்த வண்டின்னா காத்துல போயிரும். பெட்டியில வாடை குடியேறிரும்ல?" என்றார். அது எனக்கும் தெரியும். ஆனால் ஒன்றுமே ஏற்றாமல் தை வரைக்கும் நின்றாலும் பெட்டி போகத்தானே போகிறது? இதைச் சொன்னதும் அவர், "பிஸ்மில்லா, ஏத்து," என்றார். அந்தக் கருவாடு மதுரைக்கு மொறுமொறுவென்று போய்ச் சேர்ந்தது. செய்தி வந்த அன்று மரியம்மாள் ஒரு பொட்டலம் நெத்திலியோடு வந்து பெட்டியின் பலகையைத் தடவிக் கொடுத்தாள். "எங்க மாதா கோயிலுக்கு அடுத்தபடியா ஒழுகாத கூரை இதுதான் அண்ணே," என்றாள்.

மூக்குள்ளவர்கள்

பிறகு நடந்தது மாமா சொன்னபடிதான். மதுரையிலிருந்து திரும்பும்போது காலி. வந்து நின்ற பிறகும் காலி. இப்போது மழைக்காலம், எல்லாருக்கும் பெட்டி வண்டி வேண்டும். வந்து கேட்பார்கள், நான் கதவைத் திறப்பேன், அவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போவார்கள். சாம்பிராணி போட்டோம். வேப்பிலையைக் கொளுத்திப் புகை காட்டினோம். எலுமிச்சம்பழத்தை அறுத்துப் பலகை பலகையாகத் தேய்த்தோம். கடைசியில் அதில் கருவாடு, சாம்பிராணி, வேப்பிலை, எலுமிச்சை நாலும் சேர்ந்து ஒரு வாடை வந்ததே, அதற்கு இன்னும் தமிழில் பெயர் வைக்கவில்லை.

மண்டிக்காரர் ராமசாமியும் வந்தார். குடோனில் இருந்த மிளகாய் நனையாமல் விருதுநகர் போகவேண்டும், கோடையில் கேலி செய்த கூரையை இப்போது அவரே தேடி வந்திருக்கிறார். நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். பெட்டிக்குள் தலையை விட்டார். விட்ட வேகத்தில் வெளியே எடுத்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இதுல போற மிளகாய வாங்குறவன் குழம்புக்கு மீன் தேட வேண்டியதில்லலே."

தேவிபட்டினத்துப் புகை

மண்டபத்துப் பக்கம் கடலுக்குள்ளிருந்து முருகைக்கல் என்கிற பவளப் பாறையை வெட்டியெடுத்து, வள்ளத்தில் கரைக்குக் கொண்டுவந்து, சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்குவார்கள். சுட்ட கல்லில் தண்ணீர் பட்டால் கொதித்துவிடும் என்பதால் மழைக்காலத்தில் அதை ஏற்ற எந்த டிரைவரும் சம்மதிக்க மாட்டான். அந்தக் கார்த்திகையில் தேவகோட்டையில் பெரிய வீடு ஒன்று பூச்சு வேலைக்குச் சுண்ணாம்பு இல்லாமல் பாதியில் நின்றது. சூளைக்காரர், நனையாத வண்டி உண்டா என்று பஸ் கண்டக்டர் மூலம் சொல்லி அனுப்பினார். சுண்ணாம்புக்கு மூக்கு கிடையாது. இந்த லோடு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் மழைக்காலம் முழுக்கச் சூளைச் சரக்கு நமக்குத்தான். புது வாடிக்கை என்பதால் நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

செய்யது மாமாவுக்கு ஒரே கூச்சம். புது இடத்துக்கு நாற்றம் பிடித்த வண்டியோடு போவதா என்று, புறப்படுவதற்கு முன்னால் ஊருணிக்கரையில் நிறுத்திக் குடம் குடமாக ஊற்றிப் பெட்டியின் உள்ளே தேய்த்துக் கழுவிவிட்டார். கழுவியதும் மழை தூறவே, நனையக்கூடாது என்று கதவை இறுக்கிச் சாத்திவிட்டார்! மண்டபத்தில் போய்ப் பெட்டித் தரையில் ஓலைப்பாயை விரித்து, மூட்டைகளை அடுக்கிப் பூட்டினோம். மேலே தகரம் சரியாக இருக்கிறதா என்று நானும் அவரும் மாறி மாறிப் பார்த்தோம். கீழே பலகை குடித்து வைத்திருந்த தண்ணீரை ஒருவரும் பார்க்கவில்லை.

தேவிபட்டினத்துக்குள் நுழையும்போது எதிரே வந்த சைக்கிள்காரர் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டிக் கத்தினார். இறங்கிப் பார்த்தால் பெட்டியின் இடுக்கெல்லாம் புகை. கடலுக்குள் நவக்கிரகமாக நிற்கிற நவபாஷாணக் கற்களைச் சுற்றி முழுகிவிட்டு ஈரத்துணியோடு நின்ற ஜனங்கள், லாரி எரிகிறது என்று செம்பிலும் குடத்திலும் கடல் தண்ணீரை மொண்டுகொண்டு ஓடி வருகிறார்கள். எவ்வளவு நல்ல மனசு! நாங்கள் இரண்டு பேரும் கையை விரித்துக்கொண்டு, "ஊத்தாதீக, ஊத்தாதீக," என்று குறுக்கே விழுகிறோம். சொந்த வண்டியை எரியவிடுகிற பைத்தியங்கள் என்று எங்களையே பிடித்து இழுத்தார்கள். ஒரு பெரியவர் ஒரு செம்பு ஊற்றியே விட்டார். உஸ்ஸென்று ஒரு வெள்ளைப் புகை எழும்பியதும்தான் எல்லாரும் நின்றார்கள்.

மாமா துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு கதவைத் திறந்து உள்ளே பாய்ந்தார். அடி வரிசைச் சாக்குகள் வெந்துகொண்டிருந்தன. பெட்டி பற்றிக்கொண்டால் தை வரைக்கும் காத்திருக்கவே வேண்டாம். மேல் மூட்டைகளை அவர் தள்ளத் தள்ள, விஷயம் புரிந்த ஜனங்கள் ஈரத்துணியை மாற்றிவிட்டு வந்து வாங்கி, காய்ந்த இடமாகப் பார்த்து வைத்தார்கள். வெந்த மூட்டைகளை மணலில் உருட்டிவிட்டோம். பெட்டி தப்பியது. மாமாவின் இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். சாமிக்கு விளக்குப் போடக் கொண்டுவந்த நல்லெண்ணெயை ஒரு அம்மாள் அவர் கையில் ஊற்றித் தடவினாள். தடவிக்கொண்டே, கோபம் தீராமல் கேட்டாள்: "ஏய்யா, அடுப்பப் பத்தவச்சு அதையா பெட்டிக்குள்ள வச்சு ஓட்டிட்டு வாரீக?"

சகுனம்

காய்ந்த மூட்டைகளைத் தேவகோட்டையில் சேர்த்தோம். நனையாமல் வந்ததே பெரிது என்று வீட்டுக்காரர் இறக்கிக்கொண்டார். ஆனால் சேதி எங்களுக்கு முன்னால் ஆபீஸுக்குப் போய்விட்டது. பஸ் கண்டக்டர்கள் தந்தியைவிட வேகம். அவர்கள் வாயில் வண்டி சாம்பலாகி, செய்யது மாமா ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

எங்கள் முதலாளி நல்ல மனிதர், சகுனம் ஒன்றைத் தவிர. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே எழுந்துபோய், பலகையில் கடைசியில் இருந்த பெயரையும் தன் கையாலேயே அழித்தார். நான் என்னென்னவோ சொன்னேன். பெட்டியில் குற்றமில்லை, ஈரத்தில்தான் குற்றம் என்றேன். முதலாளி எச்சிலைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "நவக்கிரகத்துக்கு முன்னாலயே புகைஞ்ச வண்டிப்பா அது. இதுக்கு மேல என்ன சகுனம் வேணும் உனக்கு?"

ராமசாமியின் மூக்கு

தைக்குக் காத்திருக்காமல் இரண்டாம் நாளே ஆசாரி கடப்பாரையோடு வந்துவிட்டார். தகரத்தை எண்ணி வாங்க ஆயிஷா மாமியும் வந்து கொட்டகை ஓரத்தில் நின்றாள். கையில் துணி சுற்றிய மாமா யாரையும் பார்க்காமல் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிரிப்பதற்கு முன்னால் உள்ளே கிடந்த சுண்ணாம்புத் தூளைப் பெருக்கிவிடலாம் என்று நான் ஏறினேன். அவருக்குக் கை முடியாதே.

பெருக்கிக்கொண்டிருந்தேன். பலகையெல்லாம் வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது. என்னவோ ஒன்று குறைகிறதே என்று தோன்றியது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு மூக்கைப் பலகையில் வைத்து இழுத்தேன். மூலைக்கு மூலை போய் இழுத்தேன். நாய்கூட அப்படி மோந்திருக்காது. வெளியே பார்த்தால், நல்ல வேளையாக, தார்ப்பாய் லாரியில் போய் நனைந்த மிளகாய் மூட்டையைப் பற்றிச் சண்டை போட ராமசாமி மழைக்கோணியோடு வந்து இறங்குகிறார். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து பெட்டிக்குள் ஏற்றினேன். "விடுலே, விடுலே," என்று திமிறினார். ஏறியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் பிடிக்க முடியும்? விட்டார். இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார். ஆசாரி கடப்பாரையைத் தூக்கியபடி நின்றார்.

ராமசாமி மூலையை, கூரையை, கடைசியில் என்னைப் பார்த்தார். "ஏலே, இங்கன இருந்த கருவாடு எங்கலே போச்சு?"

புதுச் சட்டம்

மாமி ஏறி மோந்தாள். வெந்த சுண்ணாம்பு அந்த வாடையைப் பூராவும் தின்றுவிட்டிருந்தது. முதலாளியை வரவழைத்தேன், அவரும் மோந்துவிட்டு, விரல் நுனியில் ஒட்டியிருந்த சுண்ணாம்பை ஒரு தினுசாகப் பார்த்துக்கொண்டார். சகுனத்தைப் பற்றி அப்புறம் பேசவில்லை. துணியைத் தேடி எடுத்துக் கரும்பலகையைத் துடைத்து, அவரே செய்யது மாமா பெயரை மேலே எழுதினார். அன்று சாயங்காலமே, நன்றாகப் பெருக்கித் துடைத்த பெட்டியில் புதுப் பாய் விரித்து மிளகாய் புறப்பட்டது.

அதற்குப் பிறகு என் வேலை சுலபமாயிற்று. மண்டபத்திலிருந்து மரியம்மாள் சரக்கு. திரும்பி வந்து, காய்ந்த துடைப்பத்தால் மட்டும் பெருக்கிவிட்டு, சூளைச் சரக்கு. அதற்குப் பின்னால் மிளகாய். கருவாடு, சுண்ணாம்பு, மிளகாய், மறுபடி கருவாடு. இந்தச் சுற்றுக்கு மட்டும் பலகை வரிசை கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டார். மற்ற டிரைவர்கள் முணுமுணுத்தார்கள். வேலை கெட்டுப் போச்சே என்று முகத்தைத் தொங்கப்போட்டிருந்த ஆசாரியை வீரையா ஓரமாக அழைத்துக்கொண்டு போய்ப் பேசினான். என்ன பேசினான் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. பங்குனியில் அவன் வண்டியும் கூரையோடு வந்து நின்றது. செய்யது மாமா விடுவாரா? போய்க் கதவைத் தட்டினார். "உள்ள யாரும் குடியிருக்காகளா?"

மழைச் சத்தம்

அடுத்த ஐப்பசிக்கு முன்னால் மாமா வீட்டுக்கு ஓலையைப் பிரித்துப் புதுத் தகரம் போட்டார்கள். முதல் மழை வந்த அன்று பகல் சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். மரியம்மாள் கொடுத்தனுப்பிய சீலாக் கருவாடு, ராமசாமி மண்டி மிளகாய், சாப்பிட்ட பிறகு வெற்றிலையும் மண்டபத்துச் சுண்ணாம்பும். எங்கள் சுற்று முழுவதும் அந்தத் தட்டில் இருந்தது. சாப்பாட்டுக்கு நடுவே மழை தகரத்தில் இறங்கியது. பேசினால் காது கேட்கவில்லை. சத்தத்துக்கு மாமி கோபிப்பாளோ என்று மாமா ஓரக்கண்ணால் பார்த்தார்.

மாமி கரண்டியை வைத்துவிட்டு மேலே பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மழை கொஞ்சம் ஓய்ந்ததும் சொன்னாள்: "இத்தன வருசத்துல மழைக்குச் சத்தம் உண்டுன்னு இன்னைக்குத்தான் தெரியுது. ஓலையில அது சத்தமில்லாம உள்ள வந்து பக்கத்துல படுத்துக்கிரும்."

யாராவது இப்போது தொழிலைப் பற்றிக் கேட்டால் நான் சொல்வது இவ்வளவுதான்: ஏற்றக்கூடாத சரக்கு என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது, அதற்கு அடுத்தபடி எதை ஏற்றுவது என்று தெரியாமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற என்னைப் போன்ற ரைட்டர்கள்தான் உண்டு.